பொருளின் குணம் அறிந்த கிருஷ்ணன்
(தண்டலத்தில் நம் சங்கத்தார் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கத்தின் சுருக்கம்)



வத்திராயிருப்பில் 1898-ல் பிறந்த ஸர் கே. எஸ். கிருஷ்ணன் அவர்கள், சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலையில் ரசாயனப் பரிசோதனை காட்டும் சிறு உத்தியோகத்தில் இருந்தவர். கல்கத்தாவில் 1928-ல் ராமனவர்களோடு ஒளிச்சிதறலை ஆராய்ந்தார். பின்னர், கிராபைட் முதலிய படிகங்களின் காந்தகுணம் திசைக்குத் திசை வேறுபடுவதை நுட்பமாய் அளந்தார். 1947-ல் தேசியப் பௌதிக ஆராய்ச்சிசாலையின் முதல் டைரக்டரானார், 1961-ல் காலமானார்.

அந்தக் கிராபைட்டே இன்று மின்சார வண்டிகளின் பேட்டரியினுள் உறைகின்றது. நம் இளைஞரோ ஒரகடத்து ஆலைகளில் பொருளைப் பூட்டும் கூலியோடு திருப்தியுறுகின்றனர். பொருளின் குணத்தை ஆராய்வோர் நம்முள் எத்துணைப் பேர்? கிருஷ்ணன் எக்குலத்தவரென வினவாது, எங்ஙனம் கற்றாரென வினவுவோமாக. நிலம் விற்ற பணத்தில் கல்யாணச் செலவுக்கு ஒதுக்குவதில் ஒரு பங்கையேனும் நம் புதல்வர் புதல்வியரின் விஞ்ஞானக் கல்விக்கு ஒதுக்குமாறு யாம் வேண்டுகின்றோம்.