இரக்கம் போதாது, சாட்சி வேண்டும்

இன்று பட்டம் பெறும் உங்களுக்கு என் வாழ்த்து. அதில் சரிபாதி, ஷிப்டு முடித்துவிட்டு வந்து பின்வரிசைகளில் அமர்ந்திருக்கும் உங்கள் பெற்றோருக்கு. வேலைவாய்ப்பு பற்றி உங்களுக்குச் சொல்லப் பலர் இருக்கிறார்கள். நான் ஆவணப் புகைப்படம் பற்றிப் பேசப்போகிறேன். போர், அகதிகள், போராட்டம் ஆகியவற்றைப் படமெடுப்பவர்களின் வேலை, பார்ப்பவர் மனதில் இரக்கத்தை எழுப்புவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இரக்கம் வரும், நாலு நாளில் வடிந்தும் விடும். நடந்த ஒன்றை நடக்கவே இல்லை என்று பிறகு யாரும் சொல்ல முடியாமல் செய்வதுதான் அந்தப் படத்தின் முதல் வேலை என்பது என் கருத்து.

புகைப்படக்காரர் டேனிஷ் சித்திகியைப் பாருங்கள். டெல்லி ஜாமியா மில்லியாவில் படித்தவர், 2010-இல் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்தில் பயிற்சியாளராகச் சேர்ந்தவர். 2017-இல் ரோஹிங்கியா மக்கள் மியான்மரிலிருந்து வங்கதேசத்துக்குத் தப்பி வந்தபோது, படகிலிருந்து இறங்கிய ஒரு பெண் கரை மணலைத் தொடுவதைப் படமெடுத்தார். அந்தப் படம் இடம்பெற்ற தொடருக்காக 2018-இல் ராய்ட்டர்ஸ் குழு புலிட்சர் பரிசு பெற்றது. 2021 ஏப்ரலில், கோவிட் அலையின்போது, டெல்லியில் வரிசை வரிசையாக எரிந்த சிதைகளை எடுத்தார். அதே ஆண்டு ஜூலை 16 அன்று ஆப்கானிஸ்தானின் ஸ்பின் போல்டாக்கில் கொல்லப்பட்டார். வயது 38. அந்தச் சிதைப் படங்கள் வெளிவந்தபோது, துக்கத்தைக் கடைவிரிக்கிறார்கள் என்று கோபப்பட்டவர்கள் உண்டு. அந்தக் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. சாவு வீட்டுக்குள் கேமரா நுழைவதை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் இன்னொரு கணக்கையும் பாருங்கள். 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளில் இந்தியாவில் கோவிட் சாவுகள் என்று அரசு பதிந்தது சுமார் 4.8 லட்சம். அதே காலத்தில் வழக்கத்தைவிடக் கூடுதலாக நேர்ந்த சாவுகள் சுமார் 47 லட்சம் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அந்த மதிப்பீட்டு முறையையே அரசு ஏற்கவில்லை. எது சரி என்று ஒரு புகைப்படத்தால் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் எரிக்க இடம் போதாமல் திணறிய நாட்கள் இருந்தன என்பதை இனி எந்தக் கணக்கும் அழித்துவிட முடியாது. இறந்தவர்களின் குடும்பங்களது துக்கத்தை வேடிக்கையாக்கியது கேமரா என்பதைவிட, அது எண்ணிக்கைக்குள் காணாமல் போகாமல் தடுத்தது என்பதே என் முடிவு.

சாட்சி இல்லாத இடத்தில் என்ன நேரும் என்பதற்கு நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. 2008 செப்டம்பரில் ஐ.நா. பணியாளர்களையும் தொண்டு நிறுவனங்களையும், போர் நடந்துகொண்டிருந்த வன்னியை விட்டு வெளியேறச் சொன்னது இலங்கை அரசு. சுதந்திரமான பத்திரிகையாளர்களும் போர்க்களத்துக்குள் அனுமதிக்கப்படவில்லை. 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தது. இரண்டு ஆண்டு கழித்து ஐ.நா. பொதுச்செயலரின் நிபுணர் குழு, பொதுமக்கள் 40,000 பேர் வரை இறந்திருக்கக்கூடும் என்றது. இலங்கை அரசு அதை மறுத்தது. இன்றுவரை அந்த எண்ணிக்கை சர்ச்சையில்தான் கிடக்கிறது. உள்ளே சிக்கியவர்கள் எடுத்தவையும், சில சிப்பாய்கள் தங்கள் கைப்பேசிகளில் எடுத்து வைத்திருந்தவையும் வெளியே வந்திருக்காவிட்டால் பேசுவதற்கு இந்த அளவுகூட ஆதாரம் மிஞ்சியிருக்காது. 2011-இல் பிரிட்டனின் சேனல் 4 தொலைக்காட்சி காட்டியவற்றில் பெரும்பகுதி அப்படிக் கிடைத்தவைதான்.

இதைவிட என்னை யோசிக்க வைப்பவை வேறு வகைப் படங்கள். காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் 2017 பிப்ரவரி 20-இல் கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தில் அமர்ந்தார்கள். அந்தத் தாய்மார் கையில் பிடித்திருப்பவை எந்தப் போர்ப் புகைப்படக்காரரும் எடுத்தவை அல்ல. அடையாள அட்டைக்காக ஸ்டுடியோவில் எடுத்தவை, கல்யாண ஆல்பத்திலிருந்து வெட்டிப் பெரிதாக்கியவை, பள்ளிக்கூடச் சீருடையில் எடுத்தவை. விளக்கைச் சரிசெய்து, முகத்தைக் கொஞ்சம் நிமிர்த்தச் சொன்ன ஏதோ ஓர் ஊர் ஸ்டுடியோக்காரர், தான் ஒரு சாட்சியத்தைத் தயாரிப்பதாக நினைத்திருக்கவே மாட்டார். இந்த ஆள் இருந்தார், இந்த முகம் இவருடையது, இவர் எங்கே என்று ஓர் அரசைப் பார்த்துக் கேட்க அந்தப் படம்தான் இப்போது அவர்களிடம் இருக்கிறது. அர்ஜென்டினாவில் 1977 முதல் மாயோ சதுக்கத்தில் கூடிய தாய்மாரும் இப்படித்தான் காணாமல் ஆக்கப்பட்ட தங்கள் பிள்ளைகளின் படங்களைச் சுமந்தார்கள். நம் பக்கத்திலும் வீட்டுப் படங்கள் சாட்சியாக நிற்கின்றன. 1983 முதல் கடல் கடந்து வந்த ஈழத்தமிழர்களில் இன்றும் சுமார் 58 ஆயிரம் பேர் தமிழ்நாட்டின் முகாம்களில் வாழ்கிறார்கள். இங்கிருந்து பக்கத்திலேயே, வடசென்னைப் புழலில் ஒரு முகாம், இன்னும் வடக்கே கும்மிடிப்பூண்டியில் ஒன்று. வீட்டையும் நிலத்தையும் விட்டு வந்தவர்களுக்கு, பத்திரமாக எடுத்து வந்த நாலைந்து படங்கள்தான் ஊர் இருந்ததற்கான அத்தாட்சி. தொழில்முறைப் படம், வீட்டுப் படம் என்று நாம் போடும் கோடு அங்கே நிற்காது.

படங்களால் என்ன மாறியது என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். வியட்நாம் போரையே ஒரு படம் நிறுத்தியது என்பதுபோன்ற கதைகளை நான் நம்புவதில்லை. ஆனால் உங்கள் ஊரிலேயே நடந்ததைப் பாருங்கள். 2017 ஜனவரி 28-இல் எண்ணூருக்கு அருகே கடலில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தது. சுற்றுச்சூழலுக்குப் பாதிப்பில்லை என்று துறைமுகத்தின் முதல் அறிக்கை சொன்னது. அடுத்த சில நாட்களில், கரையில் நின்று வாளியால் எண்ணெய்ச் சேற்றை அள்ளியவர்களின் படங்கள் நாடெங்கும் போயின. அறிக்கை அதற்குமேல் நிற்கவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு, மணலி சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து வந்த எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை முகத்துவாரத்தில் கலந்தது. கறுத்துப்போன வலைகள், வீட்டுச் சுவரில் படிந்த எண்ணெய்க் கோடு, இறகு ஒட்டிக்கொண்ட கூழைக்கடாக்கள் எல்லாம் படங்களாக வெளிவந்தன. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்தது. இழப்பீடு போதாது என்று மீனவர்கள் சொல்கிறார்கள், ஆறும் முழுதாக மீளவில்லை. படம் நீதியைக் கொண்டுவந்து தரவில்லை. வழக்குப் பேசுவதற்கு ஒரு தரையைத் தந்தது. அந்தத் தரை இல்லாமல் எந்த வழக்கறிஞராலும் நிற்க முடியாது.

எல்லார் கையிலும் கேமரா இருக்கும்போது, இல்லாத காட்சியைக் கணினியே உருவாக்கித் தரும்போது, படத்தை யார் நம்புவார்கள் என்பது கடைசி ஆட்சேபம். ஆவணப் புகைப்படக்காரர் இன்று முன்பைவிடக் கூடுதலாகத் தேவைப்படுவது இதனால்தான். எடுத்தது யார், எந்தத் தேதி, எந்த இடம், படத்தில் இருப்பவர் சம்மதித்தாரா, அசல் கோப்பு எங்கே இருக்கிறது: இந்தக் கேள்விகளுக்கு விடை சொல்ல ஓர் ஆள் நின்றால்தான் படம் சாட்சியாகும். அப்படி நிற்பவர்களில் ஒருவர் மதுரையில் மீன் விற்கும் தாயின் மகனான பழனி குமார். மலக்குழித் தொழிலாளர்களின் வாழ்வைப் பல ஆண்டுகளாகப் படமெடுத்து வருபவர். ‘கக்கூஸ்’ ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவரும் அவரே. உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அவர் கேமராவைக் கற்றுக்கொடுப்பதை நான் பெரிதாக மதிக்கிறேன். வெளியாள் வந்து எடுத்துப் போகும் படத்துக்குப் பிறகும் அந்தத் தெருவில் இருக்கப்போவது அந்தப் பிள்ளைகள்தான்.

இந்தக் கல்லூரியிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. மாத்தூரிலிருந்து எண்ணூர் வரைக்குமான படங்களுக்கென்று நூலகத்தில் ஓர் அலமாரியும் ஒரு வன்தட்டும் ஒதுக்குங்கள். பட்டம் பெறும் ஒவ்வொருவரும் உங்கள் வீட்டிலுள்ள பழைய படங்களைத் தேதி, இடம், பெயர்களோடு நகலெடுத்துக் கொடுங்கள். வீட்டார் சம்மதம் கேட்டுக்கொண்டு கொடுங்கள். அடுத்த வடகிழக்குப் பருவமழையில் கால்வாய் நீர் எந்தச் சுவரில் எந்த உயரம் வரை ஏறுகிறது என்பதையும் படமெடுத்து அந்த வன்தட்டில் சேர்த்துவிடுங்கள்.