சிரித்துவிட்டுப் போகாதீர்கள்



இப்போது 'வேகஸ் வெகேஷன்' பார்த்தீர்கள். 1997இல் வந்த படம். நீங்கள் சிரித்த சிரிப்பு வாசல்வரை கேட்டது. ஆனால் இதைத் திரையிடுகிறோம் என்றதும் சிலர் முகம் சுளித்தார்கள். பெயர் சொல்ல மாட்டேன். "இதெல்லாம் ஒரு படமா?" என்றார்கள். அவர்கள் தலையில் வைத்துக் கொண்டாடுவது 1981இல் வந்த 'மை டின்னர் வித் ஆந்த்ரே'. நானும் கொண்டாடுகிறேன்! அதை ஆந்த்ரே கிரெகரியோடு சேர்ந்து எழுதி நடித்தவர் யார்? வாலஸ் ஷான். இந்தப் படத்தில் பிளாக்ஜாக் சீட்டாட்ட மேசையில் குடும்பத் தலைவன் கிளார்க்கைச் சீண்டிச் சீண்டியே மொட்டையடிக்கிறாரே, அவர் யார்? அதே வாலஸ் ஷான்! அவருக்கு இந்தப் படத்தில் நடிக்கக் கூச்சமில்லை. பார்க்க உங்களுக்கு என்ன கூச்சம்?

கிளார்க் என்ன பாவம் செய்தான்? பெண்டாட்டி பிள்ளைகளோடு நாலு நாள் சந்தோஷமாக இருக்க லாஸ் வேகஸுக்குப் போனான். அந்த ஊர் இருக்கிற நெவாடா மாநிலம் 1931இல் சூதாட்டத்துக்குச் சட்டத்தின் கதவைத் திறந்துவிட்டது. மேசை போட்டவன் வாழ்கிறான், எதிரே உட்கார்ந்தவன் வீட்டுச் சேமிப்பை விடுகிறான். கிளார்க்காக வரும் செவி சேஸ் அதைச் செய்யும்போது நாம் சிரிக்கிறோம். சிரித்தபடியே வயிறு கலங்குகிறது. எத்தனை குடும்பத் தலைவர்கள் இப்படி ராத்திரியில் வீட்டுக்குத் தெரியாமல் விட்டிருப்பார்கள்!

அந்தப் பெரியவரைப் பார்த்தீர்களா? கீனோ என்கிற எண் சூதாட்டக் கூடத்தில் தனியாக உட்கார்ந்திருந்தாரே, அவரைத்தான் சொல்கிறேன். துணையில்லாத மனிதர். கையில் கடைசிக் காசோடு நிற்கிற இந்தக் குடும்பம், இன்றிரவு நீங்களும் எங்களில் ஒருவர் என்று அவரைச் சேர்த்துக்கொள்கிறது. அவருக்குப் பரிசு விழுகிறது. உயிர் பிரிகிற நேரத்தில் பரிசு விழுந்த சீட்டை இவர்கள் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார். தட்டுங்கள், அவருக்காகத் தட்டுங்கள்!

அந்தப் பெரியவராக நடித்தவர்தான் சிட் சீசர். 1950களில் சனிக்கிழமை இரவு என்றால் அமெரிக்காவே அவருக்காகத் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்தது. மெல் புரூக்ஸ், நீல் சைமன் போன்ற ஜாம்பவான்கள் அவருக்கு எழுதிக் கொடுத்தவர்கள். அப்பேர்ப்பட்ட கலைஞர் வந்துபோகிற படத்தைத்தான் முகம் சுளித்தவர்கள் தள்ளிவைக்கச் சொன்னார்கள். எனக்கு மனசு ஆறவில்லை.

நம் கூட்டத்தின் தலைவரிடம் இந்த மேடையிலேயே கேட்கிறேன். அடுத்த ஆண்டுத் திரையிடல் பட்டியல் போடும்போது நகைச்சுவைப் படங்களுக்கும் இடம் கொடுங்கள். முதல் படம் சிட் சீசருடையதாக இருக்கட்டும்!