மாமனும் அங்கிளும்



உலகப் பண்பாடுகளைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் அதிக தூரம் போகப் போவதில்லை. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலை வரைக்கும்தான்.

இங்கே தமிழ் வழியில் பி.ஏ. முடித்துவிட்டு, சென்னையில் மானிடவியல் எம்.ஏ. சேர்ந்தேன். பாடம் முழுக்க ஆங்கிலம். ஒருநாள் ஆசிரியர் 'கிராஸ் கசின்', 'பேரலல் கசின்' என்று கரும்பலகையில் எழுதினார். கான்வென்ட்டில் படித்து வந்தவர்களே விழித்தார்கள். முக்கோணமும் வட்டமும் போட்டுக் கோடு இழுத்ததும் எனக்கு விளங்கிவிட்டது. அட, பங்காளியும் மாமன் மச்சானும்! சித்தப்பா மகள் தங்கை, மாமன் மகள் முறைப்பெண். நம்ம ஊரில் சின்னப் பிள்ளைகூடச் சொல்லுமே! ஆங்கிலத்தில்தான் எல்லாரும் ஒரே 'கசின்', சித்தப்பாவும் மாமாவும் ஒரே 'அங்கிள்'.

இந்தப் பாடத்துக்கு அடிபோட்டவர் லூயிஸ் ஹென்றி மார்கன் என்ற அமெரிக்க வழக்கறிஞர். நியூயார்க் மாநிலத்துச் செனகா பழங்குடியினர் அப்பாவின் சகோதரரையும் 'அப்பா' என்றே அழைப்பதையும், தாய்மாமனுக்கு மட்டும் வேறு சொல் வைத்திருப்பதையும் கவனித்தார். தமிழ்நாட்டில் ஊழியம் செய்த பாதிரியார் ஒருவரிடம் நம் உறவுச் சொற்களைக் கேட்டார். பார்த்தால், இங்கேயும் அதே கணக்கு! பெரியப்பா, சித்தப்பா எல்லாம் 'அப்பா'தானே? அச்சடித்த வினாத்தாள்களைப் பல நாடுகளுக்கும் அனுப்பி, 1871இல் பெரிய நூலாக வெளியிட்டார். இந்த ஒற்றுமையை வைத்துச் செவ்விந்தியர் ஆசியாவிலிருந்து போனவர்கள் என்று நிரூபிக்கப் பார்த்தார். அந்த நிரூபணம் நிற்கவில்லை. மாமன் மகளைக் கட்டும் வழக்கமும் செனகாக்களிடம் இல்லை. ஆனாலும் 'திராவிட உறவுமுறை' என்பது உலகெங்கும் மானிடவியல் மாணவர்கள் படிக்கும் பாடமாகிவிட்டது. நாம் வீட்டில் பேசுவதைத்தான் அவர்கள் தேர்வுக்கு உருப்போடுகிறார்கள்.

இதில் ஒரு கசப்பும் உண்டு. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட ஏழு தொகுதிகளில் நான்காவதில் மலையாளிகளைப் பற்றி வருகிறது. கேரளத்தார் இல்லை, சேர்வராயன், கொல்லிமலை, நம் கல்வராயன் மலைகளில் வாழும், தமிழ் பேசும் மலைமக்கள். தர்ஸ்டன் மனிதர்களின் தலையையும் மூக்கையும் அளந்தவர். அளவெடுத்து இனம் பிரிக்கும் அந்த முறையைப் பிற்கால அறிஞர்கள் தள்ளிவிட்டார்கள். புத்தகம் மட்டும் நூலகத்தில் இருக்கிறது. அந்தப் பக்கங்களை நம் கல்லூரியில் படித்த மலை நண்பர் ஒருவருக்குத் தமிழில் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "எங்க ஆளுங்க என்ன பேசினாங்கன்னு இதுல ஒண்ணும் இல்லியே சார்?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

1976 வரை ஜாகிர்தார்களின் கையில் இருந்த மலை அது. அங்கிருந்து கடுக்காய் மூட்டையும் சாமையும் இறங்கி வந்த பாதையில் இப்போது கல்லூரி மாணவர்கள் இறங்கி வருகிறார்கள். மேற்படிப்பு ஆங்கிலத்தில் என்றதும் பாதியில் நின்றுவிடுகிறவர்களும் அவர்களில் உண்டு. அது எனக்குப் பெரிய நஷ்டமாகத் தெரிகிறது. அவர்களைப் பற்றிய புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கிறது. பிழை இருந்தால் திருத்த வேண்டியவர்களே அதைப் படிக்க முடியாமல் போகிறது. ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முதலில் பாடத்தை வீட்டுத் தமிழில் புரிந்துகொள்ளுங்கள், அப்புறம் ஆங்கிலத்தில் எழுதுங்கள். வரிசை மாறினால்தான் தொல்லை.

சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். மார்கன் அனுப்பியது போல ஒரு வினாத்தாள் தமிழில் தயாரித்து வைத்திருக்கிறேன். அப்பாவின் அக்காவை எப்படி அழைப்பீர்கள், அவர் மகளை எப்படி என்று ஐம்பது கேள்விகள். பொங்கல் விடுமுறைக்கு மலைக்குப் போகும் மாணவர்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டு, அவர்கள் சொல்லும் சொல்லை அப்படியே எழுதி வாருங்கள். ஜெராக்ஸ் செலவு என்னுடையது. தாள்கள் வாசலில் வரவேற்பு மேசையில் இருக்கின்றன.