விளக்கை அணைத்தால் குரல் கேட்கும்

நடுக்கடலில் மீனவருக்குத் துணை வி.எச்.எஃப். வானொலிதான். அதன் 16ஆம் தடம், அதாவது 156.8 மெகாஹெர்ட்ஸ், ஆபத்து அழைப்புக்கு உரியது. அந்த அழைப்பை மறைக்கும் எதிரி படகுக்குள்ளேயே இருக்கலாம்.

2018 ஆகஸ்டில் அமெரிக்கக் கடலோரக் காவற்படை ஓர் எச்சரிக்கை விடுத்தது. எல்.இ.டி. விளக்குகள் வானொலிக்கும், கப்பல்களை அடையாளம் காட்டும் ஏ.ஐ.எஸ். கருவிக்கும் இடையூறு செய்யலாம் என்பதே அது.

ஒளி தரும் விளக்குக்கும் ஒலிக்கும் என்ன பகை? விளக்கினுள் இருக்கும் சிறு மின்சுற்று, நொடிக்குப் பல்லாயிரம் முறை மின்னோட்டத்தைத் திறந்து மூடுகிறது. அந்த வேகம் இரைச்சலாகக் கசிகிறது. விளக்கின் கம்பியே ஆண்டெனாவாகிவிடுகிறது. மின்கலச் சார்ஜரும் இன்வர்ட்டரும் இதே வேலையைச் செய்யலாம்.

இரைச்சல் தாங்காமல் மீனவர் 'ஸ்குவெல்ச்' குமிழைத் திருகுகிறார். பெட்டி அமைதியாகிறது. யாரும் அழைக்கவில்லை என்று நினைக்கிறார். மெல்லிய அபயக்குரலும் அந்த அமைதியில் புதைந்து போகிறது.

சோதனை எளிது. விளக்குகளை அணைத்துவிட்டு, பேச்சில்லாத ஒரு தடத்தில், இரைச்சல் நிற்கும் அளவுக்கு மட்டும் குமிழைத் திருப்புங்கள். பிறகு விளக்குகளை ஒவ்வொன்றாகப் போடுங்கள். எப்போது இரைச்சல் எழுகிறதோ, அந்த விளக்கே குற்றவாளி. அதை ஆண்டெனாவிலிருந்து விலக்கி வையுங்கள். கம்பியில் ஃபெரைட் வளையம் மாட்டுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் விளக்கையே மாற்றுங்கள்.

சோதனைக்குச் சில நிமிடங்கள் போதும். கரையில் இருக்கும்போதே செய்துவிடுவது நல்லது. கடலில் உதவி கேட்பவருக்கு அந்த நிமிடங்கள் கிடைக்காமல் போகலாம்.