இடுப்பளவு இரை

தோட்டத்தில் கோழி வளர்த்த வீடுகளில் பலர் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பார்கள். விடிந்ததும் கூண்டைத் திறந்தால் ஒரு கோழி குறையும். மூலையில் மலைப்பாம்பு ஒன்று நடுவயிறு பருத்துச் சுருண்டு கிடக்கும். இராத்திரி எந்தக் கம்பி இடுக்கில் நுழைந்ததோ அதே இடுக்கு வழியாக அதனால் வெளியேற முடியாது. விழுங்கிய கோழி வழியை அடைத்துவிட்டது. பிறகுதான் தீயணைப்பு மீட்புப் படையான பொம்பாவுக்கோ பொதுத் தற்காப்புப் படைக்கோ தொலைபேசி போகும்.

தன் இரையைத் தானே தேர்ந்த பாம்புக்கே அந்த நிலை. புக்கிட் பெருந்துங் போன்ற வீடமைப்புப் பகுதியில், கண்ணாடித் தொட்டிக்குள் வளரும் பாம்புக்கு அந்தத் தேர்வும் கிடையாது. இடுக்கியில் எது வருகிறதோ அதுதான் சாப்பாடு. பாம்பு வளர்ப்பவரின் திறமையை மதிப்பிட வேண்டுமானால், கழுத்தில் மாலைபோல் போட்டு எடுத்த படங்களை ஒதுக்கிவிட்டு, இந்த வாரம் எத்தனை கிராம் எலி கொடுத்தார் என்று கேட்டாலே போதும்.

வீடுகளில் பரவலாக வளர்க்கப்படுவது மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த பால் பைத்தான். பயந்தால் தலையை உள்ளே ஒளித்துப் பந்துபோல் சுருண்டுகொள்ளும். பந்தைக் குறிக்கும் ‘பால்’ என்ற ஆங்கிலப் பெயர் அதனால் வந்தது. முட்டையை உடைத்து வரும்போது ஏறத்தாழ 60 கிராம் இருக்கும். நன்கு வளர்ந்த பெண் பாம்பு 1,500 கிராமை எட்டும். இருபத்தைந்து மடங்கு வளரப்போகும் உடலுக்கு எல்லா மாதமும் ஒரே அளவு எலி பொருந்தாது.

கைக்கணக்கு ஒன்று உண்டு. பாம்பின் உடலில் மிகப் பருத்த இடம் எதுவோ, எலியின் பருமனும் அந்த அளவு இருக்க வேண்டும். கூடினால் ஒன்றேகால் மடங்கு. தலையைப் பார்த்து அளக்கக் கூடாது. கீழ்த்தாடையின் இரண்டு பாதிகளும் முன்பக்கம் எலும்பாக ஒட்டாமல், இழுபடும் நாரால் சேர்ந்திருக்கின்றன. அருகில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும்: இடப்பக்கத் தாடை பிடித்துக்கொள்ள வலப்பக்கம் முன்னே நகரும், பிறகு வலப்பக்கம் பிடிக்க இடப்பக்கம் நகரும். தாடைகள் எலியின்மேல் நடந்து போவதுபோல இருக்கும். தாடை கழன்று மாட்டுகிறது என்பது வெறும் கதை. இந்த வாய் எதையும் உள்ளே வாங்கிவிடும் என்பதால்தான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். வாய்க்குள் போனது வயிற்றில் செரிக்குமா என்பது வேறு கேள்வி.

அதற்குச் சமையலறைத் தராசு வேண்டும். குட்டிப் பருவத்தில் பாம்பின் எடையில் 10 முதல் 15 விழுக்காடு, வாரம் ஒரு முறை. 80 கிராம் குட்டிக்கு 8 முதல் 12 கிராம். 300 கிராம் ஆனதும் 30 கிராமுக்குச் சற்று மேல். முழு வளர்ச்சி அடைந்தபின் 5 விழுக்காடு போதும்; 1,500 கிராம் பாம்புக்கு 75 கிராம் எலி, அதுவும் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை. கடைகளில் ரோமமில்லாத குஞ்சை பிங்கி என்றும், மயிர் அரும்பியதை ஃபஸி என்றும், கண் திறந்து துள்ளுவதை ஹாப்பர் என்றும் விற்பார்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் எடை கடைக்குக் கடை மாறும். எலியையும் நிறுத்துப் பார்ப்பதே நல்லது.

அளவு மிஞ்சினால் என்ன ஆகும்? 2005இல் நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வு, பெரிய இரையை விழுங்கிய பர்மிய மலைப்பாம்பின் இதயக் கீழறைத் தசை 48 மணி நேரத்தில் 40 விழுக்காடு பெருத்ததைக் காட்டியது. ஒரு சாப்பாட்டுக்காக உடல் தன்னையே விரித்துக் கட்டுகிறது! அந்த வேலைக்குச் சூடு வேண்டும். தொட்டியின் ஒரு பக்கமாவது 31, 32 பாகை இருக்க வேண்டும். குளிர்சாதனம் ஓடும் அறையில், சூடு இல்லாத தொட்டியில், பெரிய எலி செரிக்குமுன் வயிற்றுக்குள்ளேயே அழுகத் தொடங்கும். மூன்றாம் நாள் பாதி கரைந்த எலி வெளியே வந்து கிடக்கும். நாற்றம் வீட்டையே நிரப்பும். அதைப் பார்த்துப் பதறி உடனே இன்னோர் எலி கொடுப்பது இரண்டாவது கொடுமை. கக்கிய பாம்புக்கு இரண்டு வாரம் தண்ணீர் மட்டும் போதும். பிறகு கொடுப்பது முன்னதில் பாதி அளவுதான்.

காட்டுப் பாம்பும் படிப்படியாகத்தான் ஏறுகிறது. நம் செம்பனைக் காடுகளில் காணப்படும் அதே வலைமலைப்பாம்பை ரிச்சர்ட் ஷைன் குழுவினர் சுமத்திராவில் ஆராய்ந்து 1998இல் எழுதினார்கள். மூன்று, நான்கு மீட்டருக்குக் குறைந்தவை பெரும்பாலும் எலிகளையே தின்றிருந்தன. அந்த நீளத்தைத் தாண்டியவையே முள்ளம்பன்றி, குரங்கு, காட்டுப்பன்றி என்று மாறியிருந்தன.

அப்படியானால் தோட்டத்து எலியையே பிடித்துப் போடலாமே என்று தோன்றும். கூடவே கூடாது. செம்பனைத் தோட்டங்களில் வார்ஃபரின் போன்ற நச்சுத் தீனி வைப்பது வழக்கம். அதைத் தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாள் தள்ளாடித் திரியும். சுலபமாகக் கையில் சிக்குவது அந்த எலிதான். அதன் வயிற்று நஞ்சு பாம்புக்குப் போகும். பிடிப்பவருக்கு எலிச்சிறுநீர்க் காய்ச்சல் வரும் ஆபத்தும் உண்டு. உயிருள்ள எலி பாம்பைக் கடித்துப் புண்ணாக்குவதும் புதிதல்ல. பண்ணையில் வளர்த்து உறையவைத்த எலியே நல்லது. இரவு குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து, காலையில் வெந்நீரில் பையோடு மிதக்கவிட்டுச் சூடேற்றலாம். மைக்ரோவேவில் வைத்தால் உள்ளே வெந்தும் வேகாமலும் வெடித்துவிடும்.

புற்றுக்குப் பாலும் முட்டையும் வைத்துப் பழகிய சமூகத்துக்கு, குறைவாகக் கொடுப்பது மனத்துக்கு ஒவ்வாத காரியம். பால் பாம்பின் உணவே அல்ல. எலியிலும் ‘பாவம், இன்னொன்று’ என்ற பாசம் பாம்பின் உடலில் கொழுப்பாகத் தேங்கும். தின்றபின் நடுவில் இலேசான புடைப்பு தெரிந்தால் அளவு சரி. புடைப்பே தெரியாமல் போனால் அடுத்த மாதம் ஒரு படி ஏற்றலாம். தின்றபின் இரண்டு நாள் கையில் எடுக்கக் கூடாது.

தோட்டத்தில் கண்ட மலைப்பாம்பைப் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவருவது, மலேசியாவின் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி உரிமம் இல்லாமல் செய்தால் குற்றம். வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானிடம் கேட்டபின்தான் எதுவும்.

வளர்ந்த பால் பைத்தான் சில மாதம் எலியைத் தொடாமலே இருக்கும். வாராவாரம் எடையைக் குறித்து வந்தால் பயப்பட வேண்டியதில்லை; எடை சரியத் தொடங்கினால் கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். எடை நின்ற இடத்தில் நிற்கிறது, பாம்பு முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது என்றால், அந்த எலியை மறுபடி உறையவைக்கக் கூடாது. குப்பையில் போட்டுவிட்டு, நோட்டில் தேதியை எழுதி, பத்து நாள் கழித்து இன்னும் கொஞ்சம் சிறியதாக ஒன்றைக் காட்டிப் பார்க்கலாம்.