பிறர் அணிக்கும் கைதட்டுவோம்

(வெள்ளிவிழா விளையாட்டுப் போட்டிகளின் பரிசளிப்பில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் நம் தாய்மாரும் சகோதரிகளும் தைக்கும் காலணிகள் ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் இங்கிலாந்துக்கும் கப்பலேறுகின்றன. அந்நாடுகளிலிருந்து ஆர்டர் வந்தால் மகிழ்கிறோம், நின்றுபோனால் கலங்குகிறோம். ஆனால் அங்குள்ள ஒரு சிறுவன் காலையில் என்ன உண்பான், என்ன பாட்டுப் பாடுவான், எதற்காக அழுவான் என்று யாராவது கேட்டால் நம்மிடம் பதில் இல்லை. நம் கைவேலை போய்ச் சேரும் இடத்துக்கு நம் உள்ளம் இன்னும் போய்ச் சேரவில்லை.

உள்ளம் போய்ச் சேர விளையாட்டும் ஒரு வழி என்று காட்டியவர்கள் ஜப்பானியர். 1994-இல் ஹிரோஷிமாவில் ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடந்தபோது, அந்நகரின் சமூகக் கூடங்கள் ஆளுக்கொரு நாட்டைத் தேர்ந்து, அந்நாட்டு வீரர்களை வரவேற்று ஊக்குவித்தன. 1998-இல் நாகானோ நகரில் குளிர்கால ஒலிம்பிக் வந்தபோது, இதைப் பள்ளிப் பிள்ளைகள் கையில் எடுத்தார்கள். ‘ஒரு பள்ளி, ஒரு நாடு’ என்பது அத்திட்டத்தின் பெயர். தங்களுக்குரிய நாட்டின் வரலாற்றைப் படித்தார்கள், அதன் மொழியில் வணக்கம் சொல்லவும் நாட்டுப்பண் பாடவும் பழகினார்கள், கடிதம் எழுதினார்கள், வீரர்களைப் பள்ளிக்கு அழைத்து விருந்தோம்பினார்கள்.

ஒரு பள்ளிக்கு அமைந்த நாடு போஸ்னியா. அதன் தலைநகர் சரயேவோ 1984-இல் தானே குளிர்கால ஒலிம்பிக்கை நடத்திய ஊர். 1992-இல் போர் மூண்டது. விளையாட்டரங்கை அடுத்த மைதானம் கல்லறைத் தோட்டமாயிற்று. விளையாட்டுக்காகத் தேர்ந்த நாட்டின் கண்ணீரையும் அப்பிள்ளைகள் படித்தார்கள். மண்ணில் புதைந்து கிடந்த கண்ணிவெடிகளைப்பற்றியும் அறிந்தார்கள். நாகானோ தொடக்க விழாவில், கண்ணிவெடியால் ஒரு கையும் ஒரு காலும் இழந்த கிறிஸ் மூன் என்ற ஆங்கிலேயர் தீபம் ஏந்தி அரங்கினுள் ஓடி வர, சிறுவர் சிறுமியர் அவரைச் சூழ்ந்து ஓடினர். பின்னர் 2002-இல் சால்ட் லேக் நகரமும், 2008-இல் பெய்ஜிங்கும் இத்திட்டத்தைப் பின்பற்றின.

பிறரைப் பாராட்டும் பண்பு தமிழ் மண்ணுக்கும் புதிதன்று. 1999 ஜனவரி 31 அன்று சென்னை சேப்பாக்கத்தில் பாகிஸ்தானிடம் 12 ரன்களில் இந்தியா தோற்றது. சச்சின் 136 ரன் எடுத்தும் வெற்றி கைநழுவியது. அந்த வேதனையிலும் மக்கள் எழுந்து நின்று கைதட்டினர். வென்ற அணி அரங்கைச் சுற்றி ஓடி வந்து நன்றி சொன்னது. 2022-இல் ரஷ்யாவில் நடக்கவிருந்த சதுரங்க ஒலிம்பியாட், போர் காரணமாக மாமல்லபுரத்துக்கு வந்தது. அங்கே மகளிர் பிரிவில் தங்கம் வென்றவர்கள் யார் தெரியுமா? போரில் எரிந்துகொண்டிருந்த உக்ரைன் நாட்டுப் பெண்கள்!

சொந்த நாட்டை நேசிப்பவன் பிறநாட்டு அணிக்குக் கைதட்டலாமா என்று சிலர் கேட்கலாம். தன் தாயை நேசிப்பவன் அடுத்த வீட்டுத் தாயை மதிக்கத் தயங்குவானா?

ஆகவே வெள்ளிவிழாவின் பெயரால் ஒரு வேண்டுகோள். அடுத்த ஒலிம்பிக்கிற்கு நம் பள்ளியில் வகுப்புக்கு ஒரு நாட்டைச் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுங்கள். பதக்கம் வெல்லும் பெரிய நாடுகள் மட்டும் போதா. ஒரே வீரரை அனுப்பும் சிறிய நாடும் இருக்கட்டும். செலவு அதிகமில்லை: ஒரு தேசப்படம், ஒரு நோட்டுப் புத்தகம், ஓர் ஆசிரியரின் ஆர்வம் போதும். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வங்கதேசத்திலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். கடைத்தெருவில் நம் தோளை உரசிச் செல்லும் அவர்களிடம் நலம் விசாரிக்க அவர்கள் மொழியில் ஒரு சொல்லாவது கற்றோமா? அங்கிருந்தே தொடங்கலாமே!

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. கோயிலும் மசூதியும் ஆலயமும் அருகருகே நிற்கும் ஊர்கள் நம்முடையவை. தெருவுக்குத் தெரு கால்பந்து ஆடுகிறோம். சில நேரம் ஆட்டம் முடிந்தபின்னும் சண்டை முடிவதில்லை. தொலைதூர நாட்டுக்குக் கைதட்டப் பழகிய பிள்ளை, அடுத்த தெரு அணி வென்றாலும் கைதட்டும். அப்படி ஒரு தலைமுறை இப்பங்கில் வளருமானால், நம் வெள்ளிவிழாவுக்கு அதைவிடப் பெரிய நினைவுச்சின்னம் வேண்டியதில்லை.

இன்று கோப்பை பெறுவோருக்கு வாழ்த்துக்கள். தோற்றும் கைகுலுக்கியோருக்கு இருமடங்கு வாழ்த்துக்கள். இறைவன் உங்கள் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக!