மாணவரும் திருத்தொண்டும்



தென்காசியில் விசுவநாதப் பெருமானுக்குத் திருக்கோயில் எடுத்த பராக்கிரம பாண்டியன், 15ஆம் நூற்றாண்டிலே ஒரு விண்ணப்பத்தைக் கல்லில் பொறித்துச் சென்றான். பிற்காலத்தே இவ்வாலயத்திற்குக் குறை நேருமாயின், அதனை நீக்கிக் காப்பவர் எவராயினும் அவரைப் பணிவதாக அதிலே கூறினான். முடிமன்னன், பின்னர்ப் பிறக்கவிருந்த தொண்டர்க்குச் செய்த வணக்கம் அது. நெடுங்காலம் சிதைந்து நின்ற இராசகோபுரம் 9 நிலைகளோடு மீண்டெழுந்து, 1990ஆம் ஆண்டில் குடமுழுக்குக் கண்டது. அவ்வணக்கத்திற்கு உரியோர் அன்று வந்தனர்.

அவ்வணக்கம் பொருளீந்தோர்க்கு மட்டும் உரியதன்று. குடமுழுக்கு நிறைவுற்ற மறுநாளே பிராகாரத்தில் குப்பை சேரும். பறவையின் எச்சத்தில் வந்த அரசவிதை கற்சந்தில் முளைக்கும். முளையிலே களையச் சிறுவன் கை போதும். வேரூன்ற விட்டால் கல்லும் பிளக்கும். அப்பரடிகள் உழவாரம் ஏந்தியது இதன் பொருட்டே.

மாணவர் தொண்டில் இறங்கினால் கல்வி குன்றுமோ எனப் பெற்றோர் அஞ்சுவர். 1969ஆம் ஆண்டில் பல்கலைக்கழகங்களில் தோன்றி, பின்னர் மேல்நிலைப் பள்ளிகளுக்கும் வந்த நாட்டு நலப்பணித் திட்டம் 2 ஆண்டுகளுக்கு 240 மணி நேரம் வகுத்தது. கணக்கிட்டால், நாளொன்றுக்கு 20 நிமிடமே!

அந்நேரத்தின் ஊதியம் யாது? சேய்ஞலூரில் வேதம் பயின்ற இளஞ்சிறுவர் விசாரசருமர், ஆயன் பசுவை அடித்தது கண்டு பொறாது, ஆநிரை மேய்க்கும் பணியைத் தாமே ஏற்றார். எவரும் ஏவவில்லை. ஓதியது அன்பாயிற்று, அன்பு செயலாயிற்று. அவரே சண்டேசுர நாயனார் ஆனார்.

குற்றாலத்து அருவிக்கரையில் எறிந்த நெகிழிப்பையைச் சிற்றாறு தென்காசிப் பக்கம் கொணரும், தாமிரபரணியிலும் சேர்க்கும். அதனை எடுக்கக் குனியும் மாணவன், நூலில் படித்த ஆற்றின் போக்கைத் தன் கையால் அறிகிறான். பிறகு அவன் குப்பை எறியான்; எறிபவரையும் தடுப்பான். சான்றிதழுக்காகத் தொடங்கினும் இவ்வுணர்ச்சியே நிலைக்கும்.

மூத்தோர்க்கும் கடமை உண்டு. கோபுரத்தில் ஏறுதல் சிறுவர் பணியன்று. சித்திரசபை ஓவியங்களை நீரூற்றித் துடைப்பதும் தொண்டாகாது. செய்யத்தக்கதும் தகாததும் உணர்த்தி, உடனின்று வழிகாட்டல் வேண்டும். கொடையாளர் உழவாரமும் துடைப்பமும் அளித்து, தம் மக்களையும் அனுப்புவாராக. பாண்டியன் பணிந்த திருக்கூட்டத்தில் அவர்களும் சேர்க!

திருச்சிற்றம்பலம்.